புளியந்தீவின் பழைய வீடுகள்: அழியவிடுவோர் வாதங்களுக்கு ஒரு மறுப்பு

1815ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 2ஆம் திகதியினாற் புளியந்தீவுக்கு யாதொரு மாற்றமும் நேரவில்லை. கண்டியிலே பிரதானிகளும் ஆங்கிலேயரும் உடன்படிக்கை எழுதிய அந்நாளில், மட்டக்களப்புக் கோட்டை ஆங்கிலேயர் வசமாகி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழிந்திருந்தன. எனினும் 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம் இயற்றப்பெற்றபோது, ஒரு கட்டடம் புராதனச் சின்னம் ஆவதற்கும் வெறும் கட்டடமாகக் கிடப்பதற்கும் இடையிலான எல்லைக்கோடாகக் கண்டியின் அந்தத் திகதியே வகுக்கப்பட்டது. கோட்டின் அப்பக்கம் கோட்டை நின்றது. இப்பக்கம், பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் எழுந்த குடிமனைகள் நின்றன. பிற்காலத்துக் கட்டடங்களையும் வர்த்தமானி அறிவித்தல் மூலம் காக்க அமைச்சருக்கு அதிகாரம் உண்டென்பது மெய்யே. ஆனால் அதிகாரம் ஏட்டில் இருப்பது வேறு. அது ஒரு சாதாரண வீட்டின் படலையைத் தட்டுவது வேறு. அந்தக் கோடு சட்டத்தில் மட்டும் கீறப்பட்டதன்று. படித்தோர் மனத்திலும் அது கீறப்பட்டுவிட்டது என்பதே இங்கு முன்வைக்கப்படும் முறைப்பாடு.

புளியந்தீவு என்பது மட்டக்களப்பு வாவியின் நடுவே அமைந்த சிறு தீவு. போர்த்துக்கேயர் 1628இல் இங்கு கோட்டை கட்டினர்; பத்தாண்டு கழித்து, 1638இல், ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். இலங்கையிலே ஒல்லாந்தர் பிடித்த முதற் கோட்டை இதுவே. 1814இல் வில்லியம் ஓல்ற் என்னும் மெதடிஸ்த பாதிரியார் வந்திறங்கிப் பள்ளிக்கூடம் தொடங்கினார். மறு ஆண்டே மாண்டார். கச்சேரி, நீதிமன்றம், தேவாலயம், ஆனைப்பந்திப் பிள்ளையார் கோயில், 1873இல் தோன்றிய புனித மிக்கேல் கல்லூரி, கடைத்தெரு என்றிவை யாவும் ஒரு மணித்தியாலத்துள் நடந்து பார்த்துவிடக்கூடிய நிலப்பரப்பில் நெருங்கியிருப்பது இத்தீவின் தனித்தன்மை. இவற்றின் இடையே, இவற்றில் உழைத்த எழுதுவினைஞரும் ஆசிரியரும் வணிகரும் நொத்தாரிசுமாரும் தச்சரும் குடியிருந்த வீடுகள் நின்றன. சில இன்னும் நிற்கின்றன. வரலாறு எழுதுவோர் மேற்கூறிய பெருங்கட்டடங்களின் பட்டியலோடு பேனாவை மூடிவிடுகின்றனர்.

அவ்வீடுகளின் அமைப்பை ஒருமுறை நிதானமாக நோக்குதல் தகும். தெருவோரத்திலே தூண்கள் தாங்கும் விறாந்தை. அதன் கூரை தாழ்ந்து இறங்கித் தெருவின் வெயிலைச் சுவரில் படவிடாது தடுக்கும். விறாந்தையைக் கடந்தால் நடுக்கூடம், இருபுறமும் அறைகள், பின்புறம் மற்றொரு விறாந்தை, அப்பால் முற்றம், கிணறு, தனித்து நிற்கும் குசினி. கதவுக்கு மேலே, தச்சனின் இழைப்புளியும் அரமும் பூவும் கொடியுமாகத் துளைத்தெடுத்த மரச் சாளரம். சுவர் முடியுமிடத்திற்கும் ஓட்டிற்கும் நடுவே காற்றுப்போக இடைவெளி. இவை அழகுக்காக மட்டும் அமைந்தன என எண்ணுவோர் கச்சான் காற்றை அறியாதார். மலைநாட்டைக் கடந்து ஈரமிழந்து அனலாய் இறங்கும் அக்காற்று ஆனி ஆடி மாதங்களிலே மட்டக்களப்பைச் சுடும்போது, உயர்ந்த முகட்டின் கீழ் வெப்பம் மேலெழுந்து சாளரத்தாலும் ஓட்டிடையாலும் வெளியேறும். வாடை தொடங்கி மாரி மழை சாய்ந்தடிக்கும்போது, நீண்டிறங்கும் தாழ்வாரம் சுவரைக் காக்கும். இரு பருவங்களுக்கும் ஒரே கூரை விடை சொல்லிற்று. மின்விசிறி இல்லாத காலத்து அறிவு அது. இன்றைய தட்டைக் கொங்கிறீற்று வீட்டில், மின்சாரம் தடைப்பட்ட ஒரு பகலைக் கழித்தவன் அவ்வறிவின் பெறுமதியை ஒருவாறு உணர்வான்.

சுவரின் கதையும் இவ்வாறானதே. சிப்பியும் சிறு கல்லும் சூளையில் நீறாகி, நீரில் வெந்து, மணலோடு சேர்ந்து சாந்தாகும். அச்சாந்து இறுகினும் ஈரத்தை உள்ளே சிறைப்படுத்துவதில்லை. உவர்நீர் நிலத்திலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்பினூடே ஆவியாகிப் போகும். உப்புப் பூத்துச் சாந்து உதிர்ந்தாலும் உதிர்வது பூச்சேயன்றிக் கல்லன்று; மறுபடி பூசிவிடலாம். இச்சுவருக்கு மேலே ‘பலப்படுத்துகிறோம்’ என்று சீமெந்து பூசுவோர், வெளியேற வழியின்றி ஈரத்தை உள்ளே அடைத்து, உப்பு கல்லையே வெடிக்கச்செய்வதற்கு வழிவகுக்கின்றனர். பின்னர், “பழைய வீடு, இனித் தாங்காது” என்ற தீர்ப்பு வருகிறது. கொன்றவனே மரண விசாரணையும் நடத்துவதற்கு இது ஒப்பு.

வீடு கல்லாலும் மரத்தாலும் மட்டும் ஆனதன்று, சொல்லாலும் ஆனது. யன்னல், கதிரை, அலுமாரி, வாங்கு, குசினி என்பன போர்த்துக்கேயம் தந்தவை. கந்தோர், கக்கூசு என்பன ஒல்லாந்தம் தந்தவை. விறாந்தை என்ற சொல் கீழைத்தேயத்திலிருந்து மேற்கே போனதா, மேற்கிலிருந்து வந்ததா என்று சொல்லாராய்ச்சியாளர் இன்னும் வழக்காடுகின்றனர். வழக்கு முடியுமுன் விறாந்தையே முடிந்துவிடும் போலும். தூய தமிழ் பேசவேண்டுமென்று மேடையில் முழங்குவோனும் இரவில் யன்னலைச் சாத்திவிட்டே உறங்குகிறான். சொல்லில் கலந்துவிட்டதை வெட்டி எறிய இயலாதென்று ஒப்புக்கொள்ளும் அறிஞர், கல்லில் கலந்ததை மட்டும் அந்நியம் என்று தள்ளுவது என்ன நியாயம்?

இனி, அந்நியன் தன் வீட்டை என்ன செய்தான் என்று காண்போம் என்றால், அதிலும் ஒரு பாடம் உண்டு. இங்கிலாந்தின் நகரங்களிலே சுவரோடு சுவர் ஒட்டி நிரையாக எழுந்த வீடுகள் பல. 1666இல் இலண்டன் மாநகர் எரிந்தபின், மரவீடு ஆகாது, செங்கல்லாலோ கருங்கல்லாலோ கட்டவேண்டும் என்று சட்டம் பிறந்தது. வீதியின் தரத்துக்கேற்ப வீட்டின் உயரமும் சுவரின் தடிப்பும் வரையறுக்கப்பட்டன. 1774ஆம் ஆண்டுக் கட்டடச் சட்டம் இவ்வொழுங்கை மேலும் இறுக்கிற்று. யன்னல்களுக்கு வரி விதிக்கப்பட்ட காலத்தில் (1696 முதல் 1851 வரை அவ்வரி நீடித்தது) யன்னலைக் கல்லால் அடைத்தவர்களும் உண்டு. அந்த அடைப்புகள் சில வீடுகளில் இன்றும் தெரிகின்றன. அவ்வீட்டின் முகத்தில் சமூகம் தெளிவாக எழுதப்பட்டிருக்கும்: நிலவறையில் சமையல், முதல் மாடியில் உயர்ந்த யன்னல்களுடன் விருந்துக்கூடம், மேலே போகப்போக யன்னல் சிறுத்து, கூரையடியில் வேலைக்காரர் உறங்கும் பொந்து. பாத் நகரிலே இளைய யோன் வூட் 1767க்கும் 1774க்கும் இடையில் அமைத்த றோயல் கிறசென்ற் என்னும் பிறைவடிவ நிரை, முப்பது வீடுகளை ஒரே அரண்மனை போலக் காட்டுவது. முன்பக்கம் ஒரே ஒழுங்கு. பின்பக்கம் சென்று பார்த்தால் ஒவ்வொருவனும் தன் மனம்போனபடி கட்டியிருப்பான். ஆங்கிலேயர் குணத்தை அறிய விரும்புவோர் அதன் பின்பக்கத்தைப் பார்ப்பது நன்று.

இத்தகைய வீடுகளை அந்நாட்டவர் தொடக்கமுதலே போற்றினர் என்று கருதுவது தவறு. 1882இல் வந்த அவர்களது முதற் புராதனச் சின்னச் சட்டம் வரலாற்றுக்கு முற்பட்ட கற்களையும் மேடுகளையுமே பெரிதும் கருதிற்று. 1913ஆம் ஆண்டுச் சட்டமோ மக்கள் குடியிருக்கும் வீடுகளை வெளிப்படையாகவே விலக்கிவைத்தது. மாற்றம் வந்தது குண்டுகளோடு. 1942இல் ஜேர்மன் விமானங்கள் பாத் முதலான பழைய நகரங்களைத் தாக்கின. சேதமடைந்த கட்டடங்களுள் எதனை இடிக்கலாம், எதனை எப்பாடுபட்டேனும் நிறுத்தவேண்டும் என்று அறியக் கட்டடக் கலைஞர்கள் பட்டியல் தயாரித்தனர். அந்த இடிபாட்டுப் பட்டியலின் வழித்தோன்றலே 1944, 1947ஆம் ஆண்டுகளின் நகர, நாட்டுத் திட்டச் சட்டங்கள் ஏற்படுத்திய நிரந்தரப் பட்டியல். இன்று இங்கிலாந்தில் மட்டும் அதில் ஏறத்தாழ நான்கு இலட்சம் பதிவுகள் உள்ளன. அவற்றுள் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவை கடைத்தரமாகிய இரண்டாந் தரத்தைச் சேர்ந்தவை என்பது கவனிக்கத்தக்கது. அரண்மனைகள் அல்ல அவை. வீடுகளும் கடைகளும் களஞ்சியங்களும் தெருவோரத் தொலைபேசிக் கூண்டுகளும்.

மட்டக்களப்பின் மேலும் அழிவு வந்தது. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் திகதி இரவு வீசிய சூறாவளி தென்னைகளை முறித்து, கூரைகளைப் பிடுங்கி எறிந்தது. அதன்பின் மூன்று தசாப்தப் போர். இடையிலே 2004 திசெம்பர் 26இன் கடற்கோள். ஒவ்வொரு அழிவின் பின்னும் நிவாரணப் பட்டியல் எழுதப்பட்டது: இத்தனை தகரம், இத்தனை மூடை சீமெந்து, இத்தனை கூரைத்தகடு. அவை வேண்டியவையே; நனையும் பிள்ளைக்குக் கூரை முதலில். ஆனால் எந்தச் சுவர் நிற்கத்தக்கது, எந்தத் தூணை மறுபடி நிமிர்த்தலாம் என்ற இன்னொரு பட்டியலை எழுதுவதும் புனர்வாழ்வின் கூறு என்ற எண்ணம் ஊரின் பொதுவுரையாடலில் இடம்பெறவில்லை. குண்டுமழைக்கு நடுவே ஆங்கிலேயருக்குத் தோன்றிய அந்த எண்ணத்தை ஆடம்பரம் என்று ஒதுக்க இயலாது.

இதைவிட வியப்பான செய்தி ஒன்றுண்டு. இங்கிலாந்தின் 1947ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு ஓராண்டு முன்னரே, 1946இல், இலங்கையில் 13ஆம் இலக்க நகர, நாட்டுத் திட்டக் கட்டளைச் சட்டம் நிறைவேறிற்று. அதன் நீண்ட தலைப்பிலேயே இயற்கை வனப்புகளைக் காத்தலும், சிறப்போ அழகோ உடைய கட்டடங்களைப் பேணுதலும் நோக்கங்களாகக் கூறப்பட்டுள்ளன. கண்டி வீழ்ந்த திகதி அந்நோக்கத்துக்குத் தடையன்று. கோட்டையா குடிசையா என்ற வேறுபாடும் அங்கில்லை. எனவே, சட்டமில்லை என்பது பொய். காலியிலே அச்சாட்டும் எடுபடவில்லை: 1988இல் காலிக் கோட்டை உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறியது, 1994இல் அதற்கெனத் தனி மன்றமும் சட்டத்தால் அமைந்தது. மதிலுக்குள்ளே மக்கள் குடியிருக்கும் வீடுகளும் மரபுரிமை என்பது அங்கே ஒப்புக்கொள்ளப்பட்டது. மதிலுக்கு வெளியே, அதுவும் கிழக்கிலே, வீடு வெறும் காணித்துண்டாகவே மதிக்கப்படுகிறது.

இனி, இவ்வீடுகள் போனால் போகட்டும் என்பாரின் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்து நோக்கலாம்.

இவை அடிமைத்தனத்தின் சின்னங்கள். ஏகாதிபத்தியம் விட்டுச்சென்ற எச்சங்களைத் தமிழர் ஏன் பேணவேண்டும் என்று கேட்பார் உளர். முற்போக்கு மேடைகளில் கரகோசம் பெறும் வாதம் இது. ஆனால் இதே வாதக்காரர், பீரங்கியும் கொத்தளமும் கொண்ட கோட்டையைக் காப்பதற்கு எதிராக ஒரு சொல்லும் உரைப்பதில்லை; அங்கு மாணவரைச் சுற்றுலாவும் அழைத்துச் செல்வர். ஆண்டவன் கட்டிய கோட்டை மரபுரிமை. ஆளப்பட்டவன் கட்டிக் குடியிருந்த வீடு அடிமைச் சின்னம்! இதைவிடத் தலைகீழான ஏகாதிபத்திய எதிர்ப்பு வேறு உண்டோ? அவ்வீடுகளின் சுவரை எழுப்பியவர்கள் இவ்வூர் மேசன்மார். முதிரையையும் பாலையையும் அறுத்து இழைத்தவர்கள் இவ்வூர்த் தச்சர். அவர்களுள் தமிழரும் உளர், போர்த்துக்கேயக் கிரியோல் மொழியை இன்னும் மறவாத மட்டக்களப்புப் பறங்கியரும் உளர். தச்சும் கொல்லும் தையலும் அப்பறங்கியரின் மரபுத் தொழில்கள். அவர்களுட் பலர் அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிவிட்டனர். கைவேலையையும் வழியனுப்பிவிடத்தான் வேண்டுமா?

இலண்டன் வாண்ட்ஸ்வேர்த் வீதியில் 575ஆம் இலக்க வீட்டின் கதை இவ்வாதக்காரர் செவியில் விழுதல் நன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுந்த சாதாரண நிரைவீடு அது. 1981இல் அதை வாங்கியவர் கதாம்பி அசலாச்சே என்னும் கென்யா நாட்டுக் கவிஞர்; பிரித்தானியத் திறைசேரியில் உத்தியோகம் பார்த்தவர். நிலவறைச் சுவரின் ஈரக்கசிவை மறைக்கப் பலகை அடிக்கத் தொடங்கிய அவர், எறியப்பட்ட கதவுகளையும் தரைப்பலகைகளையும் பொறுக்கிவந்து, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கையரத்தால் துளைத்து, வீடு முழுவதையும் மரச்சித்திரமாக்கினார். 2006இல் அவர் மறைந்தார். 2010இல் அவ்வீடு தேசிய நம்பிக்கை நிதியத்தின் பொறுப்பில் வந்தது. ஆங்கிலேயனின் வீட்டிலே ஆபிரிக்கனின் கை பதிந்தது. அப்பதிவே அவ்வீட்டின் பெருமையாயிற்று. ஈரக்கசிவை மறைக்க அடித்த பலகை காக்கப்படுகிறது. புளியந்தீவின் தச்சன் கதவுக்கு மேல் துளைத்த பூச்சாளரமோ அடுப்புக்குப் போகிறது.

இரண்டாவது வாதம் பண்டிதர்களுடையது. தமிழர் மரபென்றாற் கோயில், சிற்பம், இலக்கியம். நேற்றைய ஓட்டுவீட்டுக்கு அவ்வரிசையில் இடமில்லை என்பது. பல்கலைக்கழகத்துப் பாடவிதானமும் இதற்குத் துணைபோகிறது: கட்டடக்கலை என்ற தலைப்பின் கீழ் மகாபலிபுரத்தில் ஏறித் தஞ்சையில் இறங்கிவிடலாம், இடையிலே ஒருவரும் குடியிருந்ததாகத் தெரியாது. நெடுநல்வாடையிலே நூல்பிடித்துத் திசைகுறித்து மனைவகுக்கும் காட்சியை விளக்கி உரையாற்றும் அதே வகுப்பில், இன்றைய மேசன் நூல்பிடிக்கும் முறையைக் கேட்டு எழுதிவா என்று எவரும் பணிப்பதில்லை. இதற்கு மட்டக்களப்பே ஒரு மறுமொழி வைத்திருக்கிறது. கூத்து என்பது படிப்பறியாதார் விடியவிடிய ஆடும் ஆரவாரம் என்று ஒருகாலத்தில் நகையாடப்பட்டது. 1950களின் இறுதியிலிருந்து பேராசிரியர் சு. வித்தியானந்தன் அதனைப் பேராதனை அரங்குக்குக் கொண்டுவந்தார். ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ ஆகியவற்றின்பின் எவரும் நகைக்கவில்லை. எவ்.எக்ஸ்.சி. நடராசா ‘மட்டக்களப்பு மான்மியத்தை’ 1962இல் பதிப்பித்தார், வீ.சீ. கந்தையா 1964இல் ‘மட்டக்களப்புத் தமிழகத்தை’ எழுதினார். அண்ணாவியாரிடம் அமர்ந்து தாளக்கட்டைக் குறித்துக்கொள்வது ஆராய்ச்சியாயிற்று. மேசனிடமும் தச்சனிடமும் அமர்ந்து குறித்துக்கொள்ளும் காலம் மட்டும் வரவில்லை. ஆட்டம் மறுபடி ஆடப்படலாம். ஏடு மறுபடி அச்சேறலாம். இடித்த வீட்டுக்கு மறுபதிப்பு இல்லை.

மூன்றாவது வாதம் ஏழ்மையினதும் தேவையினதும் வாதம். இதனை எள்ளிநகையாடுதல் ஆகாது. உண்மை இதிலேதான் அதிகம். மட்டக்களப்பிலே வீடு பெண்வழிச் சொத்து. தாய்வழிக் குடிமரபு வேரூன்றிய இம்மண்ணில் மகளுக்கு வீடு கொடுத்தே மணம் நிகழும். மூத்தவளுக்குத் தாம் இருந்த வீட்டைக் கொடுத்துவிட்டுப் பெற்றோர் இளையவளுக்காக இன்னொன்று கட்ட ஒதுங்குவதும் வழக்கம். மூன்று பெண்மக்கள் என்றால் மூன்று வீடு. தீவிலோ காணி வளராது. வாவி நாற்புறமும் வேலி. ஆதலால் ஒரே வளவு மூன்றாகக் கிழிகிறது. பழைய வீட்டின் நடுக்கூடத்தினூடே எல்லைச் சுவர் ஏறுகிறது. முடிவில் மூன்று மாடிக் கொங்கிறீற்றுப் பெட்டி எழுகிறது. தந்தையை அழகுணர்ச்சி அற்றவன் என்று வைவது எளிது. மூன்று சீதனம் தேடும் தந்தைக்கு அழகுணர்ச்சி பற்றி உபதேசிப்போர், முதலில் தம் வீட்டார் கேட்கும் சீதனத்தை விட்டுக்கொடுத்துவிட்டு வரட்டும். இவ்வீடுகளை இடிக்கும் கரங்களுள் மணமகன் வீட்டாரின் கரமும் ஒன்று. மரபுரிமை பேசுவோரும் பெண்ணுரிமை பேசுவோரும் ஒரே மேடையில் அமரவேண்டிய இடம் இது; இதுவரை அமரவில்லை.

இதனோடு ஒட்டிய வேறொன்றும் மறைக்கத்தக்கதன்று. விறாந்தை என்பது குளிர்ந்த நிழல் மட்டுமன்று. ஒருவன் எதுவரை வரலாம் என்று சாதி வரைந்த எல்லையுமாகும். முன்வாசலால் வந்தவன் யார், பின்வளவால் வரச்சொல்லப்பட்டவன் யார் என்பதற்கு அவ்வீடுகளின் வாசல்களே சாட்சி. இதனைக் காட்டி, இத்தகைய வீடு அழிவதே நன்று என்பாரும் உண்டு. சாட்சியை அழித்தாற் குற்றம் அழியுமா? ஆங்கிலேய நிரைவீட்டின் கூரையடிப் பொந்தை எவரும் மறைப்பதில்லை. பேர்மிங்காம் நகரிலே முதுகோடு முதுகொட்டிக் கட்டப்பட்ட தொழிலாளர் குச்சுகள் பெரும்பாலும் ஒழிக்கப்பட்டபின், எஞ்சிய ஒரு முற்றத்தை மீட்டு 2004இல் மக்கள் பார்வைக்குத் திறந்தனர். மக்கள் எவ்வளவு நெருக்கடியில் வாழ்ந்தனர் என்று காட்டுவதே அதன் நோக்கம். அதே ஆங்கிலேயன் இந்நாட்டு மலைகளிலும் நிரைவீடு கட்டினான். லயம் என்பது அதன் பெயர். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைக்குள் ஒரு குடும்பத்தை அடைத்தான். அங்கே மக்களை அப்படியே வைத்துக்கொண்டு மரபுரிமை பேசுவோன் மனிதனல்லன். அவர்களுக்குக் காணியும் வீடும் கொடுத்தபின், ஒரு லயத்தையேனும் வரலாற்றுச் சாட்சியாக நிறுத்துவதே முறை. காத்தல் என்றால் வாழ்வோரைச் சிறைவைத்தல் அன்று.

பட்டியலிடுதல் பற்றிய அச்சத்திலும் பெரும்பகுதி அறியாமையால் எழுவதே. இங்கிலாந்திலே பட்டியலில் ஏறிய வீட்டில் உரிமையாளன் தொடர்ந்து குடியிருக்கிறான், விற்கிறான், மின்சாரமும் குளியலறையும் அமைக்கிறான். கட்டடத்தின் இயல்பைப் பாதிக்கும் மாற்றம் செய்யுமுன் உள்ளூராட்சி மன்றத்தின் இசைவைப் பெறவேண்டும் என்பதே கட்டுப்பாடு. இசைவின்றி இடித்தால் அது குற்றம். முன்பக்க விறாந்தையையும் முகட்டையும் நிறுத்திவைத்து, பின்வளவில் இளைய மகளுக்கு ஒரு புதிய வீடு கட்ட இடந்தரும் ஏற்பாடு அத்தகைய ஒழுங்கினுள் முற்றிலும் சாத்தியம். அதற்கு மாநகரசபை ஆதனவரியிலே சலுகை தரலாம். பழைய ஓடும் சுண்ணாம்பும் தேடித்தரும் ஒரு களஞ்சியம் வைக்கலாம். வெறும் தடைவிதித்துவிட்டுச் செலவை வீட்டுக்காரன் தலையிற் கட்டும் காவல், காவலாகாது, தண்டமாகும்.

எஞ்சியிருப்பது எல்லாவற்றிலும் கடினமான தடை. கிழக்கு மாகாணத் தமிழனிடமோ முஸ்லிமிடமோ ‘தொல்பொருள்’ என்ற சொல்லை உச்சரித்தால், அவன் நினைவுக்கு வருவது கலையன்று, காணி பறிபோதல். 2020ஆம் ஆண்டு யூன் மாதம் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைகளுக்கெனச் சனாதிபதி செயலணி ஒன்று நியமிக்கப்பட்டது. பாதுகாப்புச் செயலாளர் தலைமை தாங்கினார். தமிழரும் முஸ்லிம்களும் பெரும்பான்மையாக வாழும் மாகாணத்துக்கென அமைத்த அவ்வணியில், நியமன வேளையில் ஒரு தமிழரோ ஒரு முஸ்லிமோ இருக்கவில்லை. இதன்பின், “உன் வீட்டைப் பட்டியலில் ஏற்று” என்று வீட்டுக்காரனிடம் சொல்லச் செல்பவனை அவன் படலைக்கு வெளியே நிறுத்தினால், பிழை அவனுடையதன்று. மரபுரிமை என்ற சொல்லை ஆட்சியாளர் கறைப்படுத்தினர். அதன் விலையைச் சுவர்களும் தூண்களும் கொடுக்கின்றன. ஆனால் இங்கிருந்து, ஆகவே காவலே வேண்டாம் என்ற முடிவுக்குத் தாவுவது எதிரியின் வேலையை இலவசமாகச் செய்துகொடுப்பதாகும். ஒரு மக்கள் கூட்டம் ஓரூரில் இன்னவாறு வாழ்ந்தது என்பதற்குக் கல்லெழுத்து வேண்டியதில்லை, வீடு போதும். அந்தச் சான்றைத் தன் கையாலேயே இடித்து, கல்லை அத்திவாரத்துக்கு நிரப்பிவிட்டு, தொன்மையை நிறுவ மேடை தேடுவது பேதைமை. கொழும்புத் திணைக்களத்தின் வர்த்தமானிக்குக் காத்திராது, மாநகரசபையும் கிழக்குப் பல்கலைக்கழகமும் வீட்டுக்காரரும் சேர்ந்து தமது பட்டியலைத் தாமே எழுதலாம். வந்தாறுமூலையில் நுண்கலைத்துறை இருக்கிறது. கல்லடியில் விபுலானந்தர் பெயரால் அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. அளவுநாடாவும் வரைபடத் தாளும் ஒரு புகைப்படக் கருவியும் வாங்குவதற்கு உலக வங்கியின் கடன் தேவைப்படாது.

வளர்ச்சி வேண்டும், பழமையைக் கட்டிக்கொண்டு அழ இயலாது என்பாருக்குக் கல்லடிப் பாலத்தைக் காட்டுவதே போதும். 2013இல் புதிய பாலம் திறக்கப்பட்டது. அதனருகே ஆங்கிலேய ஆள்பதியின் மனைவியான மானிங் சீமாட்டியின் பெயர் தாங்கிய பழைய இரும்புப் பாலமும் நிறுத்திவைக்கப்பட்டது. போக்குவரத்துக்குப் புதியது, மாலையில் வாவிக் காற்று வாங்குவோருக்கும் தூண்டில் போடுவோருக்கும் பழையது. ஊர் எதையும் இழக்கவில்லை. இரும்புக்குக் கிடைத்த இந்த நியாயம் முதிரைக்குக் கிடைக்காததேன்?

பெறுமதி அறியாமையும் இதற்குக் காரணமன்று. அறிந்தவர்கள் வேறிடத்தில் இருக்கிறார்கள். கொழும்பிலே கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா ஒழுங்கையொன்றின் நிரையிலிருந்த நான்கு சிறு வீடுகளை 1958 முதல் ஒன்றன்பின் ஒன்றாகப் பெற்று, அவற்றை இணைத்துத் தம் இல்லமாக்கினார். இடித்த பழைய மனைகளின் கதவுகளும் செட்டிநாட்டுத் தூண்களும் அங்கே இடம்பெற்றன. இன்று கட்டணம் செலுத்திப் பார்க்கவேண்டிய இல்லம் அது. அவர் 1960களின் தொடக்கத்தில் எனா டி சில்வாவுக்குக் கட்டிக்கொடுத்த வீட்டை இடிக்கவேண்டிய நிலை வந்தபோது, கல் கல்லாகக் கழற்றி இலக்கமிட்டு லுணுகங்கைக்குக் கொண்டுசென்று மறுபடி நிறுத்தினர். அரைநூற்றாண்டு நிரம்பிய வீட்டுக்கு அந்த மரியாதை. பழந்தளபாடமும் பழங்கதவும் தேடி ஊரூராக வரும் வணிகருக்கும் பெறுமதி நன்கு தெரியும். நூறாண்டு நின்ற முதிரைக் கதவைப் புதிய இரும்புக் கதவொன்றின் விலைக்குப் பேசி முடித்து லொறியில் ஏற்றுகிறார்கள். அது எங்கோ ஒரு விடுதியின் வரவேற்புக் கூடத்தில் மெருகேறி நிற்கும். வீட்டுக்காரன் கையில் எஞ்சுவது, கதவு நின்ற இடத்திலே நிலையின் அளவுக்குத் திறந்து கிடக்கும் ஒரு சுவர். கதவு போனபின் நிலையும் சாளரமும் கழற்றப்படும். அடுத்த மாரிக்கு முன் ஓடு இறக்கப்படும்.